பிள்ளையின் புரோகிராமில் பிழையில்லை, பிழை ஹப்பில் இருந்தது



கொஞ்சம் நீண்ட பதிவு. கணினி சம்பந்தமானது என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள், பாடசாலைக்குக் கொம்பியூட்டர் வாங்கிக் கொடுக்கிறவர்கள், வீட்டில் ஒரு பழைய லெப்டொப் வைத்திருக்கிறவர்கள், எல்லோருக்கும் இதில் ஒரு விடயம் இருக்கிறது. அதோடு, நான் ஒரு மாணவனுக்குச் செய்த அநியாயமும் இருக்கிறது. வகுப்பில் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். இங்கேயும் சொல்லவேண்டும் என்று மனம் சொல்கிறது.

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். மெழுகுதிரியும் விலை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. பல வீடுகளில் பிள்ளைகள் படித்தது யூ.எஸ்.பி லைட்டில்தான். லெப்டொப்பின் ஓட்டையில் ஒரு சின்ன லைட்டைக் குத்திவிட்டு அந்த வெளிச்சத்தில் படிப்பார்கள்.

என் மாணவன் ஒருவனின் வீட்டிலும் அப்படித்தான். அவனுடைய ராத்தா அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். படித்தபடியே களைத்துத் தூங்கிவிடுவார். லைட் எரிந்துகொண்டே இருக்கும். லெப்டொப் பழையது, பெற்றரியும் பழையது. விடியும்போது சார்ஜ் முடிந்திருக்கும். காலையில் கரண்ட்டும் இருக்காது. வட்ஸ்அப்பில் வந்து கொம்பியூட்டரில் சேமித்து வைத்த பாடக் குறிப்புகளைத் திறக்க முடியாது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி அடுத்த வருடம் தரம் 10க்கு வந்தபோது என்னிடம் கேட்டான்:

"சேர், கீபோர்டயும் மவ்ஸயும் பத்து நிமிஷம் யாரும் தொடல்லண்டா லைட்டு தானா நூர்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதலாமா?"

நான் சொன்னேன்: "ஏன் ஏலா மகன்? மென்பொருளால எல்லாம் செய்யலாம்."

என்னுடைய முதல் பிழை அந்த வசனம்தான்.

அவன் கெட்டிக்காரன். எங்கள் கணினிக் கூடத்தில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய மெஷினும், தனி அடப்டரோடு ஒரு யூ.எஸ்.பி ஹப்பும் இருந்தன. யூ.எஸ்.பி போர்ட்களின் மின்சாரத்தை நிறுத்தவும் கொடுக்கவும் 'யூஹப்சிடிஎல்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதை அவனே தேடிக் கண்டுபிடித்தான். கீபோர்ட்டைக் கவனித்து, பத்து நிமிடம் கழிந்ததும் அந்த மென்பொருளைக் கூப்பிடுகிற புரோகிராமைப் பைதனில் எழுதினான்.

ஓடவிட்டான். திரையில் அந்தப் போர்ட் 'ஓஃப்' என்று வந்தது. லைட் எரிந்துகொண்டே இருந்தது.

"எங்கயோ பிழை விட்டிருக்கீங்க, திரும்பப் பாருங்க" என்றேன். திரும்ப எழுதினான். லைட் அணையவில்லை. மூன்றாம் தடவையும் எழுதினான். அப்போது வகுப்பில் ஒருத்தன், "சேர், லைட்டுக்கு இவன் சொல்ற கேக்கல்ல போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் என் இரண்டாவது பிழை.

வலய மட்டக் கண்காட்சிக்கு அவன் பெயர் கொடுத்திருந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு வந்து, "சேர், என்ட பேர வெட்டிருங்க" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெட்டிவிட்டேன்.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் கூடத்தில் அதே ஹப்பில் குத்தியிருந்த இன்டர்நெட் டொங்கள் சிக்கிக்கொண்டது. கழற்றித் திரும்பக் குத்தினால் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் எழும்பிப் போகவேண்டும். அவன் சொன்ன மென்பொருள் ஞாபகத்துக்கு வந்தது. என் மேசையிலிருந்தே கட்டளை கொடுத்தேன். 'ஓஃப்' என்று வந்தது. டொங்களின் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. விஞ்ஞான கூடத்தில் இருந்து பன்மானியை எடுத்துவந்து, வெட்டிய ஒரு கேபளின் சிவப்பிலும் கறுப்பிலும் வைத்தேன். 'ஓன்' என்றபோது 5 வோல்ற். 'ஓஃப்' என்றபோதும் அதே 5 வோல்ற்.

ஹப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊரில் ரேடியோ திருத்துகிற காக்காவிடம் போனேன். திறந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். பலகையில் ஒரு பாகம் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அடப்டரிலிருந்து வருகிற 5 வோல்ற் எல்லாப் போர்ட்டுக்கும் நேராகவே போயிருந்தது.

"சேர், இதுல சுவிட்சே இல்லியே. புள்ள என்னத்த எழுதி என்ன செய்யிற?" என்றார்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சரி, விடயத்துக்கு வருகிறேன். யூ.எஸ்.பி மின்சாரத்தை மென்பொருளால் கட்டுப்படுத்துவது என்றால் என்ன? நான் உட்பட நம்மில் பலர் மூன்று வெவ்வேறு வேலைகளை ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒரு பழைய யூ.எஸ்.பி 2.0 கேபளை உரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு வயர் இருக்கும். சிவப்பில் 5 வோல்ற் வரும். கறுப்பு அது திரும்பிப் போகிற வழி. பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. பென் டிரைவ், மவ்ஸ், வெப்கெம் எல்லாம் நான்கையும் பாவிக்கின்றன. முறைப்படி நடக்கிற ஒரு கருவி, குத்தியவுடன் 100 மில்லிஅம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. எனக்கு இவ்வளவு தேவை என்று கொம்பியூட்டரிடம் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகுதான் 500 மில்லிஅம்பியர் வரை எடுக்கலாம். யூ.எஸ்.பி 3.0 என்றால் 900 வரை. சபையில் கேட்டு எடுத்துச் சாப்பிடுகிற பண்பு மாதிரி.

ஆனால் ஒரு சாதாரண யூ.எஸ்.பி லைட்டுக்கும் சின்னப் பேனுக்கும் அந்தப் பண்பெல்லாம் கிடையாது. அவை சிவப்பையும் கறுப்பையும் மட்டும்தான் தொடுகின்றன. தரவு வயரில் எதுவும் பேசுவதில்லை. அப்படி ஒரு லைட் குத்தியிருக்கிறது என்பதே கொம்பியூட்டருக்குத் தெரியாது. விண்டோஸில் டிவைஸ் மெனேஜரைத் திறந்து தேடிப் பாருங்கள், அந்த லைட் அங்கே இருக்காது.

இப்போது அந்த மூன்று வேலைகளும்.

முதலாவது, கருவியை முடக்குவது. டிவைஸ் மெனேஜரில் 'டிசேபிள்' கொடுக்கிறோமே, அது. கொம்பியூட்டர் அந்தக் கருவியோடு பேசுவதை நிறுத்துகிறது. சிவப்பு வயரில் 5 வோல்ற் அப்படியே இருக்கும். பாடசாலைகளில் வைரஸுக்குப் பயந்து பென் டிரைவைத் தடை செய்து வைப்பதும் இந்த வகைதான். தடை போட்ட அதே போர்ட்டில் பிள்ளை போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும். தடை வேலை செய்யவில்லை என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. அது தடுத்தது தரவை.

இரண்டாவது, கருவியைத் தூங்கவைப்பது. 3 மில்லிசெக்கன் வரை வயரில் எந்த அசைவும் இல்லாவிட்டால், கருவி தானாகவே தூக்கத்துக்குப் போய், 2.5 மில்லிஅம்பியருக்கு மேல் எடுக்காமல் இருக்கவேண்டும் என்பது யூ.எஸ்.பியின் விதி. விண்டோஸில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் 'செலெக்டிவ் சஸ்பென்ட்' என்று ஒன்று இருக்கிறதே, அது இதற்குத்தான். லினக்ஸில் 'ஓட்டோ சஸ்பென்ட்' என்பார்கள். இங்கேயும் மின்சாரம் வெட்டப்படுவதில்லை. கருவி மரியாதையாகக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தரவு வயரே இல்லாத லைட்டுக்கு இந்தச் சொல் காதில் விழாது.

மூன்றாவது, போர்ட்டின் மின்சாரத்தை உண்மையிலேயே வெட்டுவது. ஹப்புக்கு 'இந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்து' என்று சொல்லுகிற கட்டளை யூ.எஸ்.பி விதிமுறையிலேயே இருக்கிறது. என் மாணவன் பாவித்த மென்பொருள் அனுப்பியது அந்தக் கட்டளையைத்தான். லைட்டை அணைக்க அது ஒன்றுதான் வழி. அதாவது, அவன் தெரிவு செய்த பாதை சரி. ஆசிரியரான என்னைவிட அவன் சரியாக விளங்கியிருந்தான்.

அப்படியானால் ஏன் அணையவில்லை?

கட்டளை வந்தவுடன் சிவப்பு வயரை வெட்டுவதற்கு ஹப்புக்குள் ஒரு சுவிட்ச் இருக்கவேண்டும். நமது விஞ்ஞானப் புத்தகத்தில் ஆளி என்று படிப்பிக்கிறோமே, அதேதான். கையால் தட்டுகிற ஆளிக்குப் பதிலாக அரிசி மணியளவில் ஒரு சின்ன இலத்திரனியல் ஆளி. தனி அடப்டரில் ஓடுகிற ஹப்களுக்கு அந்த ஆளி கட்டாயம் என்று 2000 ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி 2.0 விதிமுறை சொல்லவில்லை. விரும்பினால் போடலாம் என்று விட்டுவிட்டது. ஆகவே ஹப்கள் மூன்று வகை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி ஆளி உள்ளவை. எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஆளி உள்ளவை. ஆளியே இல்லாதவை. நம்மில் சிலர் பாவிக்கிற ராஸ்பெரி பை 3பி இரண்டாவது வகை. ஒரு போர்ட்டை மட்டும் அணைப்போம் என்றால் முடியாது, நான்கும் சேர்ந்துதான் அணையும்.

ஆளி இல்லாமல் செய்து மலிவாக விற்பதில் எனக்குக் கோபம் இல்லை. நம்மில் அதிகமானோருக்கு அது தேவையும் இல்லை. என் கோபம் வேறு இடத்தில்.

ஒவ்வொரு ஹப்பும் குத்தியவுடன் தன்னைப் பற்றி ஒரு சிறு அறிமுகத்தைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும். எனக்கு இத்தனை போர்ட், இந்த வகையில் மின்சாரத்தை வெட்டுவேன் என்று அதில் இருக்கும். உள்ளே இருக்கிற சிப்புக்கு அந்தத் திறமை உண்டு. ஆனால் சிப்புக்கு வெளியே பூட்டவேண்டிய ஆளியைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்துவிடுகிறார். அறிமுகத்தை மட்டும் திருத்துவதில்லை. ஆகவே 'தனித்தனியாக வெட்டுவேன்' என்று ஹப் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். கட்டளை கொடுத்தால் தன்னுடைய கணக்கில் 'ஓஃப்' என்று பதிந்துகொள்ளும். 'அணைத்துவிட்டாயா?' என்று மென்பொருள் கேட்டால் 'ஓம், அணைத்துவிட்டேன்' என்று சொல்லும். 5 வோல்ற் போய்க்கொண்டே இருக்கும்.

வரவுப் பதிவேடு எடுக்கிற ஆசிரியர்களுக்கு இது நன்றாக விளங்கும். பெயரைக் கூப்பிடுகிறோம், பின் வாங்கிலிருந்து ஒரு குரல் 'பிரசன்ட் சேர்' என்கிறது. தலையை நிமிர்த்திப் பார்க்காமல் கோடு போட்டுவிடுகிறோம். பதிவேட்டில் பிள்ளை இருக்கிறது, வகுப்பில் இல்லை. பதிவேடு பொய் சொல்லவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டது. அந்த மென்பொருளும் அப்படித்தான், ஹப் சொன்னதைத் திரையில் காட்டியது. நான் திரையையும் பார்த்தேன், எரிகிற லைட்டையும் பார்த்தேன், இரண்டுக்கும் நடுவில் நின்ற பிள்ளையைக் குற்றவாளி ஆக்கினேன்.

"சேர், இவ்வளவு பெரிய கதை தேவையா? கையால கழட்டி எடுத்தா முடிஞ்சிதே" என்று சிலர் சொல்வார்கள். என் சக ஆசிரியர் ஒருவரும் இதையேதான் சொன்னார். கை எட்டுகிற இடத்தில் அது சரிதான். எட்டாத இடங்களும் இருக்கின்றன. பாடசாலைக் கூரையில் மழையும் வெப்பமும் அளக்க வைத்த சின்னக் கணினியில் டொங்கள் சிக்கிக்கொண்டால், விடுமுறையில் யார் ஏறிக் கழற்றுவது? ஒரு போர்ட்டின் மின்சாரத்தை ஐந்து செக்கன் வெட்டித் திரும்பக் கொடுத்தால் டொங்கள் புதிதாகத் தொடங்கும். முழுக் கணினியையும் நிறுத்தத் தேவையில்லை. அந்த மாணவனின் ராத்தாவுக்கும் இதே கதைதான். தூங்கிப்போனவரின் கை எப்படிக் கழற்றும்? தூங்கிய கைக்குப் பதிலாகத்தானே அவன் அந்தப் புரோகிராமை எழுதினான்.

இன்னொரு பக்கம், இதை மின்கட்டணம் குறைக்கிற மந்திரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு வாற்று எடுக்கிற லைட் ஒன்று மாதம் முழுக்க இரவு பகலாக எரிந்தால், 30 நாளுக்கு 720 மணித்தியாலம், அதாவது 0.72 அலகு. ஒரு அலகுகூட இல்லை. கட்டணப் பட்டியலில் இது பெரிதாகத் தெரியாது. சுவரில் ஓடுகிற பேனை ஞாபகமாக நிறுத்தினால் அதைவிட மிச்சம். ஆனால் பழைய பெற்றரியில் ஓடுகிற லெப்டொப்புக்கு அந்த ஒரு வாற்று பெரிய விடயம். பெற்றரியில் மிச்சம் இருப்பது 10 வாற்று மணித்தியாலம் என்று வையுங்கள். கொம்பியூட்டர் முழுக்கத் தூங்கினாலும், அந்த லைட் மட்டும் 10 மணித்தியாலத்தில் அதைக் குடித்து முடித்துவிடும். இஷாவுக்குப் பிறகு குத்தினால் சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பெற்றரி காலி. கரண்ட் உள்ள வீட்டில் சில்லறையாகத் தெரிவது கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையின் அடுத்த நாள் படிப்பு.

பலர் என்னிடம் கேட்கிற ஒன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். மேசைக் கொம்பியூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும் மவ்ஸின் சிவப்பு லைட் எரிகிறதே, பழுதா? பழுதில்லை. சுவரில் பிளக் இருக்கும்வரை, மெஷின் நின்ற பிறகும் பவர் சப்ளை ஒரு சின்ன 5 வோல்றை விட்டுக்கொண்டே இருக்கும். பல மெஷின்களில் அது யூ.எஸ்.பி போர்ட்டுக்கும் போகிறது. பயோஸ் செட்டிங்கில் 'இஆர்பி' என்று ஒரு தெரிவு இருந்தால், அதைப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். இல்லாவிட்டால் சுவர் சுவிட்சை அணையுங்கள். அந்தச் சுவிட்ச் பொய் சொல்லாது.

இனி என் அபிப்பிராயம். மூன்று தரப்புக்குச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. பிள்ளையின் வேலை பிழைத்தால் முதலில் கருவியைச் சோதியுங்கள், பிறகு பிள்ளையை. நாம் மாற்றிச் செய்கிறோம். கருவி பெட்டியில் வந்தது, விலை கொடுத்து வாங்கியது, அதில் அச்சடித்த எழுத்து இருக்கிறது, ஆகவே அது சரியாக இருக்கும் என்று நம்புகிறோம். பிள்ளை தரம் 10, ஆகவே பிழை விட்டிருக்கும் என்று முடிவு கட்டுகிறோம். கலாசாலையில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார், விடை பிழை என்று கோடு போடமுன் கேள்வியை ஒருதரம் வாசியுங்கள் என்று. பத்து வருடம் கழித்துத்தான் எனக்கு அதன் அர்த்தம் பிடிபட்டது.

"இது பாடத்திட்டத்தில் இல்லையே" என்றும் சொல்வார்கள். வன்பொருள் என்றால் என்ன, மென்பொருள் என்றால் என்ன என்று முதல் பாடங்களிலேயே வரைவிலக்கணம் எழுதக் கொடுக்கிறோம். தொட்டுப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கமுடியாது என்று பிள்ளைகள் பாடமாக்கி எழுதுகிறார்கள். இரண்டும் எங்கே சந்திக்கின்றன, எங்கே ஒன்றின் சொல் மற்றதில் எடுபடாமல் போகிறது என்பதை யூ.எஸ்.பி லைட் ஒன்றையும் ஹப் ஒன்றையும் வைத்து 40 நிமிடத்தில் காட்டலாம். மென்பொருளால் எல்லாம் செய்யலாம் என்று நான் சொன்ன மாதிரி நீங்கள் சொல்லாதீர்கள். ஆளி இருக்கிற இடத்தில் மட்டும்தான் மென்பொருளால் ஆட்டமுடியும்.

அடுத்தது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும், பழைய மாணவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து கஷ்டப்பட்டு உழைத்து ஊர்ப் பாடசாலைக்குக் கொம்பியூட்டர் அனுப்புகிற நம் சகோதரர்களுக்கும். அல்லாஹ் உங்கள் ஸதகாவைப் பொருந்திக்கொள்ளட்டும். எத்தனை மெஷின், எவ்வளவு ரெம் என்று கேட்கிறீர்கள். ஹப் வாங்கும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: ஒவ்வொரு போர்ட்டின் மின்சாரத்தையும் மென்பொருளால் தனித்தனியாக வெட்ட முடியுமா? கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். யூஹப்சிடிஎல் செய்தவர்களே வேலை செய்கிற ஹப்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து வாங்கலாம். முடியுமென்றால் ஒரு லெப்டொப்பையும் தரவு வயர் இல்லாத ஒரு யூ.எஸ்.பி லைட்டையும் கடைக்கே கொண்டு போங்கள். கட்டளை கொடுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், லைட்டைப் பாருங்கள். யூ.எஸ்.பி 3 ஹப் என்றால் ஒரு கவனம்: அது கொம்பியூட்டருக்கு இரண்டு ஹப்களாகத் தெரியும், பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று. இரண்டிலும் அணைத்தால்தான் மின்சாரம் வெட்டுப்படும். ஒன்றில் மட்டும் அணைத்துவிட்டு ஹப் பழுது என்று முடிவெடுக்காதீர்கள்.

பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ குத்தியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உள்ளே இருக்கிற கோப்புகள் பழுதாகலாம்.

மூன்றாவது, இவற்றைத் தயாரிக்கிறவர்களுக்கும் இறக்குமதி செய்து விற்கிறவர்களுக்கும். அவர்கள் என் பதிவை வாசிக்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லவேண்டியது. ஆளி போடாவிட்டால் போடவில்லை என்று சொல்லுங்கள். பெட்டியில் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவு? அதைவிட, ஹப் தன்னைப் பற்றிக் கொம்பியூட்டருக்குச் சொல்கிற அறிமுகத்தை உண்மையாக எழுதுங்கள். நிறுவையில் குறைப்பது பாவம் என்று நாம் சின்ன வயதிலிருந்து படிக்கிறோம். ஆளியை எடுத்துவிட்டு ஆளி இருக்கிறது என்று சிப்பைச் சொல்லவைப்பதும் எனக்கு அந்தத் தராசு மாதிரித்தான் தெரிகிறது.

புதிதாக வந்திருக்கிற டைப் சி போர்ட்டில் ஒரு முன்னேற்றம் இருக்கிறது. அங்கே ஒரு கருவி குத்தப்பட்டிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் 5 வோல்ற் வெளியே வரவேண்டும் என்பது விதி. ஆகவே உள்ளே ஆளி இருந்தே ஆகவேண்டும். ஆனால் அந்த ஆளியை நம்முடைய புரோகிராம் தொடுவதற்கு வழி விட்டிருக்கிறார்களா என்பது ஒவ்வொரு மெஷினுக்கும் வித்தியாசம். நம் பாடசாலைகளில் இருப்பதும் இன்னும் பெரும்பாலும் பழைய சதுர வாய்ப் போர்ட்கள்தான். அவற்றோடுதான் இன்னும் பல வருடம் படிப்பிக்கப்போகிறோம்.

இப்போது அந்த மாணவன்.

ரேடியோ காக்காவின் கடையிலிருந்து வந்த அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டேன். ஹப்பைத் திறந்து வெறுமையான இடத்தைக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப நான் எழுதின சரியா சேர்?"

"முதல் தரம் எழுதினதே சரி மகன். நான்தான் பிழை" என்றேன்.

அவன் எதுவும் சொல்லவில்லை. தலையை ஆட்டினான், போய்விட்டான். அடுத்த பாடவேளையில் வகுப்பு முழுவதற்கும் முன்னால் அதையே திரும்பச் சொன்னேன். அன்று சிரித்தவர்களும் இருந்தார்கள். மாணவர் முன்னிலையில் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று நம்மில் சிலருக்கு ஒரு பயம் உண்டு. எனக்கும் இருந்தது. வகுப்பு அமைதியாக இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அதைச் செய்து முடித்தோம். லைட்டின் சிவப்பு வயரை வெட்டி, நடுவில் ஒரு சின்ன ஆளியாக ஒரு திரான்சிற்றரை வைத்து, ஒரு ஆர்டுயினோ பலகையால் அதை ஆட்டினோம். அவனுடைய பழைய புரோகிராமில் கட்டளை அனுப்புகிற இடத்தை மட்டும் மாற்றினான். பத்து நிமிடம் யாரும் கீபோர்ட்டைத் தொடவில்லை. லைட் அணைந்தது. ஒரு எச்சரிக்கை: இதை வாசித்துவிட்டுப் பிள்ளைகள் செய்வதென்றால் 5 வோல்றில் மட்டும் செய்யட்டும். சுவரில் வருகிற 230 வோல்ற் விளையாட்டில்லை, அதில் கை வைக்கவிடாதீர்கள்.

ஆனால் அந்த வருடக் கண்காட்சி முடிந்துபோயிருந்தது. அவனுடைய ராத்தாவின் பரீட்சையும் எப்போதோ முடிந்திருந்தது. நான் ஒரு ஹப்பை நம்பி அவனை நம்பாமல் விட்ட மாதங்களை எந்தக் கட்டளையாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்த ஹப் இன்னும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. மூடியைத் திரும்பப் பூட்டவில்லை. ஒவ்வொரு வருடமும் தரம் 10 புது வகுப்புக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன். வெறுமையான இடத்தில் விரலை வைத்து, "இங்க என்ன இருக்கணும்?" என்று கேட்கிறேன்.

உங்கள் பாடசாலையில், வீட்டில் இருக்கிற ஹப்பையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எந்த வகை உண்மையிலேயே வெட்டுகிறது, எது வெட்டவில்லை என்று கீழே எழுதுங்கள். அடுத்து வாங்கப்போகிற ஒரு பாடசாலைக்கு உதவும். பயனுள்ளது என்று நினைத்தால் ஆசிரியர் குழுக்களில் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.